தொட்டிலில் மிஞ்சிய ஒரே துணி

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அமெரிக்காவுக்கு விமானம் ஏறிப் போகும் நம்மூர்ப் பாட்டிக்கு, அங்கே தொட்டிலை எட்டிப் பார்த்ததும் மனசு கேட்காது. நான்கு பக்கமும் மரச்சட்டங்கள். நடுவில் ஒரு மெத்தை. மெத்தையின் மேல் இழுத்து மாட்டிய ஒரு விரிப்பு. அவ்வளவுதான். தலையணை இல்லை, அண்டக்கொடுக்கத் திண்டு இல்லை, போர்த்திவிட ஒரு துண்டு இல்லை, பக்கத்தில் ஒரு துணிப் பொம்மைகூட இல்லை. ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுபோன குட்டி மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் பெட்டியிலேயே கிடக்கும். “பிள்ளையை இப்படி வெறுசா போட்டு வெச்சிருக்கியேடி?” என்று பாட்டி கேட்பார். “டாக்டர் அப்படித்தாம்மா சொல்லியிருக்காங்க” என்பாள் மகள்.

மகள் சொல்லும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கப் போடாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 1992இல் சொன்னது. 1994இல் அது நாடு தழுவிய பிரசாரமானது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டிலை விட்டு வெளியேறின: மெத்தென்ற போர்வை, தலையணை, ஆட்டுத்தோல் விரிப்பு, சட்டங்களைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு. அந்தத் திண்டின் விற்பனையை 2022இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டே நிறுத்தியது. அதே ஆண்டு மருத்துவர் கழகம் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. படுக்கை கெட்டியாக, சமதளமாக இருக்க வேண்டும். அதன்மேல் இறுகப் பொருந்திய விரிப்பு ஒன்று. குழந்தையோடு வேறு எதுவும் வேண்டாம்.

அமெரிக்க வீட்டுத் தையற்காரிகளுக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்காது. குழந்தை வரப்போகிறது என்றால் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று ஆளுக்கொரு துண்டு சேர்த்துத் தைத்த போர்வைகள் உண்டு. இன்று அந்தப் போர்வை சுவரில் தொங்குகிறது. பகலில் தரையில் விரித்துக் குழந்தையைப் புரளவிட உதவுகிறது. இரவில் தொட்டிலுக்குள் அதற்கு இடமில்லை. அன்பைத் துணியாக்கித் தொட்டிலுக்குள் வைக்க நினைப்பவருக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, அந்த விரிப்பு. நான்கு மூலையிலும் பை போலத் தைத்து, அடிவிளிம்பில் எலாஸ்டிக் கோத்து, மெத்தைக்குச் சட்டை மாட்டுவது போல மாட்டும் தொட்டில் விரிப்பு.

பார்க்க எளிய பொருள்தான். கடையில் மடித்து அடுக்கி வைத்திருந்தால் யாரும் எடுத்து ரசிக்க மாட்டார்கள். ஆனால் நல்ல கையால் தைத்த ஒரு தொட்டில் விரிப்பைத் திருப்பிப் போட்டு, மூலைத் தையலை விரலால் தடவிப் பார்த்தவருக்குத் தெரியும், அதில் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று. போர்வையில் பூ வேலையும் ஒட்டு வேலையும் கண்ணைப் பறிக்கும். சிறு தவறு அவற்றில் மறைந்துவிடும். இங்கே மறைய இடமே இல்லை. அளவு கொஞ்சம் தவறினால் துணி தொளதொளக்கும், அல்லது மெத்தையை வளைக்கும். அழகும் பாதுகாப்பும் ஒரே தையலில் நிற்கும் பண்டங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

எலாஸ்டிக் விரிப்புக்கே வயது அதிகமில்லை. அதற்கு முன்பு தட்டையான துணியை மெத்தைமேல் போட்டு, மூலையை முக்கோணமாக மடித்து அடியில் செருகுவார்கள். ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் இன்றும் அழகாகச் செய்யும் மடிப்பு அது. பெரியவர் படுக்கைக்கு அது சரி. கைகால் உதைக்கும் குழந்தைக்குக் கீழே மடிப்பு எத்தனை நேரம் நிற்கும்? மூலையைத் தைத்தே விடும் விரிப்புக்கு 1959இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பெர்தா பெர்மன் என்ற பெண்மணி. மூலை கழன்றுகொள்ளும் தொல்லைக்குத் தீர்வாக மூலைப் பையை ஆழமாக்கி, 1990களில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் கனடாவைச் சேர்ந்த ஜிசெல் ஜுபின்வில். இரண்டு பேருமே மூலையில்தான் கை வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விரிப்பின் பிரச்சினை முழுவதும் மூலையில் இருக்கிறது. நடுவில் கிடப்பது வெறும் துணி.

அளவுக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி முழு அளவுத் தொட்டிலின் உட்புறம் 28 அங்குல அகலம், 52⅜ அங்குல நீளம். அதற்குள் போடும் மெத்தை குறைந்தது 27¼ அங்குல அகலமும் 51⅝ அங்குல நீளமும் இருக்க வேண்டும். தடிமன் 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது என்பது பெற்றோருக்குச் சொல்லித்தரும் எளிய சோதனை. சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி 2⅜ அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கத்தை மேலும் கீழும் இறக்கும் பழைய வகைத் தொட்டில்களை 2011இல் விற்பனையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இத்தனை கறாரான ஒரு பெட்டிக்குள் துணி மட்டும் ஏனோதானோ என்று இருக்க முடியுமா?

இந்த அளவுக்கும் துணிக்கடைக்கும் ஓர் அழகான பொருத்தம் உண்டு. அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வைக்கென்று விற்கும் பருத்தித் துணியின் அகலம் 44 அங்குலம். மெத்தையை முழு எண்ணில் 28க்கு 52 என்று வைத்துக்கொள்வோம்; அகலம் 28. மீதி 16 அங்குலத்தை இரண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு எட்டு. மெத்தையின் பக்கவாட்டில் இறங்கி, அடியில் கொஞ்சம் மடங்க அது போதும். ஒட்டுப்போட வேண்டாம், கிழித்து வீணாக்க வேண்டாம். இரண்டு கெஜம் வாங்கினால் ஒரு விரிப்பு. மெத்தை செய்தவரும் தறி ஓட்டியவரும் கலந்து பேசி அளவு வைத்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் ஒன்றுக்கு ஒன்று உட்காருகிறது. அதனால்தான் அங்கே தையல் பழகத் தொடங்கும் தாய்மார்கள் பலருக்கு முதல் உருப்படி இதுவாக அமைகிறது. ஒஹையோவில் 1943இல் தொடங்கி நாடெங்கும் 800 கடை அளவுக்கு வளர்ந்த ‘ஜோஆன்’ போன்ற துணிக்கடைகளில் ‘இரண்டு கெஜம்’ என்று கேட்டு வாங்கிய எத்தனையோ துணிகள் இப்படித் தொட்டிலுக்குப் போயிருக்கும். ஜோஆன் கடைகள் அத்தனையும் 2025இல் மூடப்பட்டன. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கும் சுகம் அங்கே பல ஊர்களுக்கு இல்லாமல் போயிற்று.

ஆனால் 44 என்பது கடைக்காரரின் கணக்கு. தைப்பவரின் கணக்கு துவைத்த பிறகுதான் தொடங்கும்.

பருத்தி முதல் சலவையில் சுருங்கும். நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சாதாரணமாகப் போகும். ஃபிளானல் என்றால் இன்னும் கூடும். சுமார் 67 அங்குல நீளத்துக்கு வெட்டித் தைத்த பிறகு துவைத்தால், மூன்று சதவீதச் சுருக்கத்திலேயே இரண்டு அங்குலம் காணாமல் போகும். அந்த இரண்டு அங்குலம்தான் நள்ளிரவில் மூலை ‘டப்’பென்று கழலுவதற்குக் காரணம். ஆகவே வாங்கிய துணியை, விரிப்பைப் பின்னால் எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே முதலில் துவைக்க வேண்டும். வெந்நீரில் என்றால் வெந்நீரில், சூட்டில் உலர்த்தும் இயந்திரத்தில் என்றால் அதில். இரண்டு தடவை துவைப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். துவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் டேப்பை எடுத்தால் 44 அங்குலம் 43 ஆகியிருக்கும்.

இங்கேதான் கை தேர்ந்தவர் தெரிவார். தொடக்கக்காரர் எங்கோ படித்த 8 அங்குலச் சதுரத்தை வெட்டிவிடுவார். தேர்ந்தவர் தன் துணியையும் தன் மெத்தையையும் மட்டும் நம்புவார். 43இல் 28 போனால் 15. அதில் பாதி ஏழரை. அப்படியானால் மூலையில் வெட்டும் சதுரம் ஏழரைக்கு ஏழரை. நீளத்துக்கும் அதே கணக்கு: 52 கூட்டல் 15, ஆக 67 அங்குலம். வேறு காகித வடிவம், அட்டை எதுவும் வேண்டாம்.

வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துணியை நீளவாக்கில் ஒரு மடிப்பு, அகலவாக்கில் ஒரு மடிப்பு. நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஒரே மூலையாக உட்காரும். உள்ளங்கையால் நீவி, அடியில் இருக்கும் மூன்று அடுக்கும் மேலடுக்கோடு ஓரம் சேர்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, சுண்ணக்கட்டியால் ஏழரை அங்குலச் சதுரம் கோடு போட வேண்டும். கத்தரி என்றால் நாலடுக்கும் வழுக்கும். கீழ் அடுக்கு ஒரு நூல் விலகிப் போகும். அதனால் கட்டங்கள் போட்ட பாயின் மேல் துணியை வைத்து, வட்டக் கத்தியை உருட்டி ஒரே இழுப்பில் அறுப்பார்கள். சதுரம் விடுபட்டு வரும்போது கையில் நான்கு துண்டு இருக்கும். துணியை விரித்தால் கூட்டல் குறி போல ஒரு வடிவம். நடுவில் சரியாக 28க்கு 52. நான்கு பக்கமும் நான்கு இறக்கைகள்.

இனி மூலை. வெட்டிய இடத்தில் ‘ட’ எழுத்துப் போல இரண்டு ஓரங்கள் செங்குத்தாகச் சந்திக்கின்றன. ஒரு பக்கத்து இறக்கையின் ஓரத்தை எடுத்து அடுத்த பக்கத்து இறக்கையின் ஓரத்தோடு, துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்க்க வேண்டும். ஏழரை அங்குலத்துக்கு ஒரே நேர்த்தையல். தட்டையாகக் கிடந்த துணி இந்த ஒரு தையலில் எழுந்து நின்று பெட்டியின் மூலையாகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது. நான்கு தடவை இதைச் செய்தால் மெத்தைக்கு மூடி தயார்.

தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதில்தான் பொருத்தமே இருக்கிறது. கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூலைக்குமாக அரை அங்குலம் போகும். 28, இருபத்தேழரை ஆகும். 52, ஐம்பத்தொன்றரை ஆகும். விதி சொல்லும் குறைந்தபட்ச மெத்தை 27¼க்கு 51⅝. அகலத்தில் கால் அங்குலம் தாராளம், நீளத்தில் அரைக்கால் அங்குலம் இறுக்கம். பருத்தி அந்த இறுக்கத்துக்குக் கொடுத்துவிடும். விரிப்பு மிருதங்கத்தில் வார் பிடித்தது போல விறைப்பாக நிற்கும். இந்தக் கணக்கில் ஒரு நிறைவு இருக்கிறது.

வெட்டிய ஓரம் பிசிறு விடும். அதை ஓவர்லாக் அடித்தோ, கோணல்மாணல் தையல் போட்டோ அடக்குவது பொது வழக்கம். அதற்கும் மேலே ஒரு படி, பிரெஞ்சுத் தையல். முதலில் தலைகீழாக, நல்ல பக்கம் வெளியே இருக்க ஓரத்தையொட்டி ஒரு தையல். பிசிறைக் கத்தரித்துவிட்டுத் துணியைத் திருப்பி, தையலை உள்ளே வைத்து இரண்டாவது தையல். வெட்டிய ஓரம் இரண்டு தையலுக்கு நடுவே சிறைப்பட்டுவிடும். உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று கேட்கும்படி இருக்கும். இதற்கு இரண்டு ஓட்டத்திலுமாக அரை அங்குலம் ஆகும். எனவே முன்கூட்டியே சதுரத்தைக் கால் அங்குலம் குறைத்து, ஏழேகாலாக வெட்டிக்கொள்ள வேண்டும். தைக்கும்போது ஞாபகம் வந்து பயனில்லை.

மெத்தையோடு ஒட்டி மறைந்துகிடக்கும் ஓரத்துக்குப் பிரெஞ்சுத் தையல் எதற்கு என்று கேட்கலாம். அழகுக்காக என்றால் தேவையில்லைதான். ஆனால் ஒரு தொட்டில் விரிப்பு வாரத்துக்குப் பல தடவை துவைபடும் துணி. கக்கல், சிறுநீர், மருந்துக் கறை என்று அதற்கு ஓய்வே கிடையாது. பிசிறு விட்ட ஓரத்திலிருந்து ஒரு நீள நூல் கழன்று வந்தால், அது குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளலாம். பிஞ்சு விரலில் நூலோ முடியோ இறுகச் சுற்றி இரத்த ஓட்டம் நின்றுபோவதைக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மறைந்திருக்கும் ஓரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பதற்கு அந்த விரல்தான் காரணம்.

அடிவிளிம்பு நாலு மீட்டர் சுற்றளவு. கால் அங்குலம் மடித்து, மறுபடி அரை அங்குலம் மடித்து, ஓரத்தையொட்டி ஒரே ஓட்டமாகத் தைத்து வந்து, தொடங்கிய இடத்துக்கு இரண்டு அங்குலம் முன்பாக நிறுத்த வேண்டும். அந்தத் திறப்பு வழியாக எலாஸ்டிக் போகும். இந்த வேலை நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதே இல்லை. உள்பாவாடையில் நாடா உருவிக்கொண்டால் ஊக்கில் மாட்டி, மடிப்புக்குள் நுழைத்து, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டு போவார்களே, அதே கைப்பழக்கம். பாவாடைக்கு ஒரு இடுப்புச் சுற்று. இங்கே நாலு மீட்டர். பொறுமை வேண்டும். எலாஸ்டிக் உள்ளே முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் போக வேண்டும். இன்னொரு முனை உள்ளே ஓடிவிடாமல் அதைத் துணியோடு ஊசியால் குத்தி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எலாஸ்டிக் எவ்வளவு நீளம்? பலரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள். எண்ணைவிட மெத்தை நம்பகமானது. கோத்த விரிப்பை மெத்தைக்கு மாட்டி, மெத்தையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு முனையையும் இழுத்துப் பார்க்கலாம். விளிம்பு அடிப்பக்கம் ஒட்டி உட்கார வேண்டும். மெத்தையின் மூலை மேலே தூக்கக் கூடாது. அந்தப் புள்ளியில் முடிச்சுப் போடாமல், முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நாலு தடவை முன்னும் பின்னும் தைத்துவிட்டுத் திறப்பை மூடலாம். மூலைகளில் மட்டும் எலாஸ்டிக் வைத்துத் தைப்பது வேகமான வழி, செலவும் குறைவு. ஆனாலும் சுற்றிலும் கோத்த விரிப்புதான் மேல். எந்தப் பக்கம் இழுத்தாலும் சுமையை முழு வட்டமும் பகிர்ந்துகொள்ளும். தொட்டில் விஷயத்தில் வேகத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

தையல் முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பழக்கப்பட்டவர்கள் மறப்பதில்லை. குத்தியிருந்த குண்டூசிகளை எண்ணுவது. தொடங்கும்போது பன்னிரண்டு என்றால் முடிக்கும்போதும் ஊசிப்பெட்டியில் பன்னிரண்டு. ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை விரிப்பு தொட்டில் பக்கம் போகாது. இந்தக் கவலைக்காகவே ஊசியை விட்டுச் சின்னக் கிளிப்புக்கு மாறியவர்கள் உண்டு.

எந்தத் துணி நல்லது என்பது ருசியைப் பொறுத்தது. பாவு ஒன்று, ஊடு ஒன்று என்று மேலும் கீழும் நெருக்கமாக நெய்த ‘பெர்கேல்’ மொறமொறப்பாக இருக்கும், காற்று புகும், இழுத்து மாட்டினால் சுருக்கமே தெரியாது. பளபளப்பான ‘சாட்டின்’ நெசவு தொட வழவழப்பு. ஆனால் தொட்டிலுக்குப் பளபளப்பு எதற்கு? பனியன் துணி இழுத்தால் கொடுக்கும், அதனால் அளவில் சிறு தவறு இருந்தாலும் மன்னித்துவிடும். அதைத் தைக்கத்தான் உருண்டை முனை ஊசியும் வளைந்து கொடுக்கும் தையலும் வேண்டும். சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும், நேர்த்தையல் இழுத்ததும் ‘பட்பட்’ என்று தெறிக்கும். மெத்தை 6 அங்குலத் தடிமன் என்றால் 44 அங்குலத் துணியை மறந்துவிடுவது நல்லது. பக்கவாட்டில் ஆறு அங்குலம் இறங்கி, முக்கால் அங்குலம் விளிம்புக்குப் போனால், அடியில் மடங்க முக்கால்தான் மிஞ்சும். அது பிடிமானமே இல்லை.

அதற்கு நல்ல மாற்று வீட்டு அலமாரியிலேயே இருக்கும்: பழைய பெட்ஷீட். ஒற்றைக் கட்டிலுக்கான தட்டை விரிப்பு அங்கே சுமார் 66க்கு 96 அங்குலம். ஒரு தொட்டில் விரிப்பு தாராளமாக வரும். நூறு தடவை துவைத்ததால் இனிச் சுருங்க அதில் ஒன்றுமில்லை. கஞ்சியும் சாயமும் போய் மெத்தென்று ஆகியிருக்கும். பிறந்த குழந்தைக்குக் கடைப் புதுத்துணி வேண்டாம், பழஞ்சேலைதான் வேண்டும் என்று நம்மூர்ப் பாட்டிகள் தேடி எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நாலு முழ வேட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம், ஒண்ணேகால் மீட்டர் அகலம். தாத்தா கட்டிய கெட்டி வேட்டி ஒன்றிலிருந்து அமெரிக்கத் தொட்டிலுக்கு விரிப்பு வெட்டிவிடலாம், கொஞ்சம் மிச்சமும் விழும். வெட்டும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழை தேய்ந்து வெளிச்சம் ஒழுகும் இடம் இருந்தால் விட்டுவிடலாம். இழுத்து மாட்டும் துணி அங்கேதான் முதலில் கிழியும்.

நம் தூளிக்கும் இந்தத் தொட்டிலுக்கும் உள்ள தூரம் இங்கே நன்றாகத் தெரிகிறது. தூளியில் சேலை குழந்தையின் உடம்பு போகும் போக்கில் குழிந்து கொடுக்கும். துணியின் தளர்ச்சிதான் அங்கே கலை. தொட்டில் விரிப்பில் நேர் எதிர். ஒரு மடிப்பு, ஒரு தொய்வு கூடாது. துணி ஒன்றுதான், கேட்கும் குணம் வேறு. தூளி கட்டத் தெரிந்த கை இதைத் தைக்க உட்காரும்போது முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த மனக்கணக்கைத்தான். தமிழ்நாட்டுக்கு இதில் வேறொரு தொடர்பும் உண்டு. கரூரிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும் வீட்டுத் துணிகளில் படுக்கை விரிப்புகளும் இருக்கின்றன. அங்கே ஒரு தாய் பழைய பெட்ஷீட்டை வெட்டும்போது, அது கரூர்த் தறியில் நெய்ததாக இருக்கவும் கூடும்.

நன்றாகத் தைத்த விரிப்பை எப்படி அடையாளம் காண்பது? மாட்டும்போதே தெரிந்துவிடும். முதல் மூலையை மாட்டிவிட்டு, அதற்கு எதிர் மூலையைக் குறுக்காக மாட்டுவார்கள். மூன்றாவது சுலபமாக விழும். நான்காவது மூலைக்கு மட்டும் மெத்தையை லேசாகத் தூக்கி, விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துக் கீழே தள்ள வேண்டும். அந்தக் கடைசி மூலை கொஞ்சம் மல்லுக்கு நின்றால் அளவு சரி. சிரமமே இல்லாமல் விழுந்தால் துணி பெரிது. மெத்தையை மடக்கினால்தான் விழும் என்றால் சிறிது. மாட்டியபின் மூலைத் தையல் மெத்தையின் செங்குத்து விளிம்பின் மேலேயே நேராக இறங்க வேண்டும். பக்கமாகத் திரும்பியிருந்தால் நாலு சதுரமும் ஒரே அளவில் விழவில்லை என்று பொருள். அதன் பிறகு ஒவ்வொரு மூலையையும் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். எந்த மூலையாவது கழன்றால் அந்த விரிப்பு எத்தனை அழகாக இருந்தாலும் தொட்டிலுக்கு ஆகாது. இறுகப் பொருந்தாத விரிப்பைத் தொட்டிலில் போடாதீர்கள் என்று கடை விரிப்புகளிலேயே எச்சரிக்கை தைத்து வருகிறது. கழன்ற துணி குழந்தையின் முகத்திலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. மிகவும் இறுகினாலும் ஆபத்துதான். மெல்லிய மெத்தையை அது வில்லாக வளைத்துச் சட்டத்தின் பக்கம் இடைவெளி உண்டாக்கிவிடும்.

அச்சுத் துணியில் இன்னொரு நுட்பம். யானையும் மானும் நிற்கும் அச்சு என்றால் அவை பெரும்பாலும் துணியின் நீளவாக்கில் நிமிர்ந்திருக்கும். தொட்டிலில் விரித்ததும், நீளமான பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு யானைகள் எல்லாம் சாய்ந்து படுத்திருக்கும். கால்மாட்டில் நின்றால்தான் நேராக நிற்கும். தைத்து முடித்தபின் இதைக் கண்டு வருந்துபவர்கள் பலர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரியும் சிதறிய பூ, புள்ளி, கட்டம் ஆகியவை இந்த வேலைக்குத் தோது. மல்லாந்து படுக்கும் குழந்தைக்கு முதுகுக்குக் கீழே என்ன பூ என்று தெரியாது. அதைப் பார்ப்பவள் இரவு இரண்டு மணிக்குக் குனிந்து பிள்ளையைத் தூக்கும் தாய். மங்கிய விளக்கில் அவள் கண்ணுக்கு இதமான நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையும் வெளிர் நிறமும் கறையையும் சட்டென்று காட்டிக்கொடுக்கும்.

கடையில் கிடைக்கும்போது வீட்டில் எதற்குத் தைக்க வேண்டும்? விலையை மட்டும் பார்த்தால் விடை எப்போதும் வீட்டுத் தையல் பக்கம் நிற்காது. ஆனால் எல்லாத் தொட்டிலும் ஒரே அளவு இல்லை. ஐரோப்பாவில் மெத்தை 60க்கு 120 சென்டிமீட்டர், பெரியது 70க்கு 140. அமெரிக்கச் சிறு தொட்டிலில் 24க்கு 38 அங்குலம். நாடு மாறும் குடும்பத்துக்குக் கடை விரிப்பு பொருந்தாது; தன் மெத்தையை அளந்து தைத்தது பொருந்தும். இன்னொன்று, உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் எலாஸ்டிக் நாளடைவில் உயிர் விட்டுவிடும். கடை விரிப்பில் பெரும்பாலும் அதைத் துணியோடு சேர்த்தே தைத்திருப்பார்கள். எலாஸ்டிக் போனால் விரிப்பும் போனது. கோத்து வைத்ததில் இரண்டு அங்குலம் தையலைப் பிரித்துப் புது எலாஸ்டிக் நுழைத்தால் கால் மணி நேரத்தில் மறுபடி புதிது. நாலைந்து விரிப்பு கையிருப்பில் இருக்கும் வீட்டில், மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொரு மூலையையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

வெட்டி எடுத்த அந்த நாலு சதுரங்களை எறிந்துவிட வேண்டாம். இரண்டை ஒன்றாகத் தைத்தால் வாய் துடைக்கும் துணியாகும். சேர்த்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்: நாலு விரிப்புக்கு நாலு நாலாகப் பதினாறு ஏழரை அங்குலச் சதுரம், நாலுக்கு நாலாக இணைத்தால் இருபத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு சின்ன ஒட்டுத்துணிப் போர்வை. முதல் பிறந்தநாள் வரை அது அலமாரியில் காத்திருக்கும். தொட்டிலை விட்டுக் குழந்தை தாழ்வான சின்னக் கட்டிலுக்கு மாறும்போது அங்கேயும் பெரும்பாலும் அதே 28க்கு 52 மெத்தைதான். விரிப்பை மாற்ற வேண்டியதில்லை.